கவர்னர் பங்களாவின் பழைய படம்

ராஜாஜி மண்டபத்தின் படிக்கட்டுகள் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். நேரில் போகாதவர்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். அண்ணா, ராஜாஜி, காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் என்று தலைவர்களின் உடல்களை மக்கள் கடைசியாகப் பார்த்தது அங்கேதான். அந்த மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெரிய வீடு இருந்தது. மண்டபத்தைவிட வயதில் மூத்தது. சொல்லப்போனால் அந்த வீட்டுக்கு விருந்து மண்டபமாகத்தான் ராஜாஜி மண்டபமே கட்டப்பட்டது. அந்த வீடு இப்போது இல்லை. 2008-ஐ ஒட்டி, புதிய சட்டமன்ற - தலைமைச் செயலக வளாகத்துக்காக அதை இடித்துவிட்டார்கள்.

சென்னை கவர்ன்மெண்ட் ஹவுஸ். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் கவர்னர் பங்களா. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய கேமராக்கள் விற்கிற வரிசையில், அதன் படம் ஒன்று எனக்குக் கிடைத்தது. அசல் இல்லை, அசலிலிருந்து எப்போதோ எடுத்த மறுபிரதி. அட்டையில் ஒட்டி, ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. என் மேசைமேல் அது வந்ததிலிருந்து, ஒரகடத்தில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் கண் அதில்தான் போய் நிற்கிறது. சொல்ல நிறைய இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் படத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அகலமான, வெள்ளையான மாளிகை. மேலும் கீழும் தூண் வைத்த வராந்தா. தூண்களுக்கு நடுவே தட்டிகள், சில இறக்கியும் சில பாதி சுருட்டியும். முன்னால் வட்டமாக வளைந்து வந்து வாசலைத் தொட்டுத் திரும்பும் வண்டிப் பாதை, அந்த வளைவுக்குள் புல்வெளி, விளிம்பில் ஒரே அளவில் பூந்தொட்டிகள். பின்னால் மரங்கள். வானம் மேகமே இல்லாத வெறும் வெள்ளை. சென்னை வானம் அப்படி இருந்ததாக நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி இளகும். வானம் முழுக்க வெளுத்துப்போகும். 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லினியஸ் டிரைப், தஞ்சாவூரையும் மதுரையையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்தபோது, இந்த வெறுமை பொறுக்காமல் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். அப்படி உழைத்தவரின் பதவியையே, வீண்செலவு என்று சொல்லி கவர்னர் டிரெவெலியன் சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்.

இந்த மாதிரி வீட்டுக்கு ஜார்ஜிய பாணி என்று பெயர். 1714 முதல் 1830 வரை இங்கிலாந்தை வரிசையாக நான்கு ஜார்ஜ் மன்னர்கள் ஆண்டார்கள். அந்தக் காலத்துக் கட்டடக்கலை. நட்டநடுவில் ஒரு கோடு போட்டால் இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜன்னலின் அகலத்துக்கும் உயரத்துக்கும், தூணின் பருமனுக்கும் நீளத்துக்கும் கணக்கு உண்டு. கிரேக்க, ரோமானியக் கோயில்களிலிருந்து எடுத்த கணக்கு, இத்தாலியரான பல்லாடியோவின் வழியாக இங்கிலாந்துக்கு வந்தது. இந்தப் படத்தில் தோட்டத்திலும் அதே ஒழுங்கு: பாதை, புல், செடி எல்லாம் வீட்டின் நடுக்கோட்டை ஒட்டியே நடக்கின்றன. ஆனால் இங்கிலாந்தில் அந்த வீடுகள் வெயிலுக்கு ஏங்கியவை. சென்னையில் வெயிலைத் தள்ளிவைக்க வேண்டும். அதனால் அதே கணக்குப்படி எழுந்த வீட்டைச் சுற்றி இங்கே ஆழமான வராந்தா வந்தது, தட்டி வந்தது, மொட்டைமாடி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் புனித ஜார்ஜ் கோட்டையை விட்டு வெளியே மவுண்ட் ரோடு, அடையாறு, நுங்கம்பாக்கம் என்று பரவிய தோட்ட வீடுகள் எல்லாம் இந்த ஜாதிதான். மகளிர் கிறித்தவக் கல்லூரிக்குள் இருக்கும் டவ்டன் ஹவுஸையும், சென்னை இசைக் கல்லூரி இருக்கும் பழைய பிராடி கோட்டையையும் இன்றும் போய்ப் பார்க்கலாம்.

படத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். எங்கள் பெரியப்பா கொத்தனார். ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கடைசித் தலைமுறை. இப்போது கரணை பிடிப்பதில்லை. கண் மட்டும் அப்படியே இருக்கிறது.

"பெரியப்பா, இதப் பாருங்க. மெட்ராஸ்ல பழைய கவர்னர் பங்களா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். வீட்டின் பெருமையைக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் விரல் நேராகத் தூணுக்குப் போனது.

"பூசினவன் கைகாரன்டா. வெயில் எப்படி வழுக்குது பாரு."

"கல் தூணா, செங்கல்லா பெரியப்பா?"

"கல்லா இருந்தா இணைப்பு தெரியும். அடியிலேருந்து நுனி வரைக்கும் ஒரே உடம்பா நிக்குது பாரு. உள்ள செங்கல்லு, மேல அரைசாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்பு போட்டிருக்கான்."

அதற்கப்புறம் அவர் சொன்னதைத்தான் நான் முழுசாக எழுத நினைத்தேன். பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கம் கடலோரத்தில் கிடைக்கும் கிளிஞ்சலைக் காளவாயில் அடுக்கிச் சுட வேண்டும். சுட்டதைத் தண்ணீர் தெளித்து நீற்றினால் பூத்து மாவாகும். சலித்துத் தொட்டியில் ஊறப்போட வேண்டும். எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனை நல்லது. முதல் பூச்சில் மணலும் சுண்ணாம்பும் வெல்லத் தண்ணீரும், கடுக்காய் ஊறிய தண்ணீரும். அது இறுகுவதற்குள் இரண்டாவது பூச்சு, இன்னும் நைசாக அரைத்தது. மூன்றாவது பூச்சில்தான் வித்தை. சுத்தமான கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் கொஞ்சம் நெய்யும் சேர்த்து, தகடு மாதிரி மெல்லிசாக இழுப்பார்கள். பிறகு மாக்கல் பொடி தூவி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வேர்க்கும். அந்த ஈரத்தைத் துணியால் ஒத்தி ஒத்தி எடுத்து மறுபடி தேய்ப்பது. வேர்ப்பது நிற்கிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது.

"ஒரு தூணுக்கு ரெண்டு ஆளு, விடியக்காலையில ஆரம்பிச்சா பொழுது சாயறவரைக்கும். பாதியில விட்டா வரி விழுந்துரும்."

வெள்ளைக்காரர்கள் இதற்கு மெட்ராஸ் சுனாம் என்று பெயர் வைத்து, பளிங்கு என்றே நம்பும்படி இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் எழுதினார்கள். பளிங்குக்கும் கருங்கல்லுக்கும் செலவழிக்காமல் ரோமானியத் தூண்களை நிறுத்த முடிந்தது இந்தக் கைகளால்தான். லண்டனில் வரைந்த கணக்கு காகிதத்தில் இருந்தது. அதற்கு உடம்பு கொடுத்தது நம் கொத்தனார்களும் சித்தாட்களும்.

இதில் ஒரு விஷயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. 1850-லிருந்து அந்த நூற்றாண்டின் கடைசி வரை உலகம் முழுக்கப் புகைப்படம் அச்சிட்ட காகிதத்துக்கு ஆல்புமன் காகிதம் என்று பெயர். காகிதத்தின்மேல் முட்டை வெள்ளைக்கருவைப் பூசி, காய்ந்ததும் வெள்ளி உப்பில் நனைத்து, வெயிலில் வைத்து அச்சிடுவார்கள். வெள்ளைக்கருதான் பளபளப்பைக் கொடுத்தது, படிமத்தைப் பிடித்து வைத்தது. பழைய படங்களில் ஏறும் மஞ்சள் நிறமும் பெரும்பாலும் அதனால் வருவதுதான். என் மறுபிரதிக்கு மூலமான அசலும் அந்தக் காலத்தது என்றால், சுவரில் மினுங்குவதும் முட்டை, அந்தச் சுவரைக் காகிதத்தில் நிறுத்தியதும் முட்டை. பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்ப அதுவும் பூச்சு வேலதான்" என்றார்.

மொட்டைமாடியைப் பற்றியும் அவர் சொன்னார்; சுருக்கமாகச் சொல்கிறேன். மர உத்தரங்களின்மேல் மெல்லிய அச்சுக்கல்லைச் சுண்ணாம்பில் தோய்த்து, சாய்வாகக் குத்துக்கல்லாக நிறுத்தி ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் முட்டுக் கொடுப்பதில்லை. ஒரு வரிசை அடுத்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு. மெட்ராஸ் டெரஸ் என்று இன்றைய கட்டடக்கலை மாணவர்கள் பாடத்தில் படிப்பது இதைத்தான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பழைய காரை வீடு எதற்குள் போய் அண்ணாந்து பார்த்தாலும் அந்தச் சாய்ந்த செங்கல் வரிசை தெரியும்.

இனி இந்த வீட்டின் கதை. கிழக்கிந்தியக் கம்பெனி இதை 1753-ல் மதேரோஸ் என்ற போர்த்துக்கீசிய வணிகக் குடும்பத்திடமிருந்து வாங்கியது. 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது சேதப்பட்டது, பிறகு பழுதுபார்த்தார்கள், கூட்டிக் கட்டினார்கள். பெரிய மாற்றம் வந்தது 1798-ல் கவர்னராக வந்த எட்வர்ட் கிளைவ் காலத்தில். ராபர்ட் கிளைவின் மகன். வீட்டைத் திருத்தி, பக்கத்தில் விருந்து மண்டபத்தையும் எழுப்பச் சொன்னார். 1802-ல் திறந்தார்கள். திட்டம் போட்டவர் ஜான் கோல்டிங்ஹாம். அவர் தொழில் வானியல். சென்னை வானாய்வகத்தில் இருந்தவர். கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கவைத்து, வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையிலான நேரத்தை அளந்து ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டவர். 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளியையும் அவர் நடத்தினார். அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் எந்த ஆலைக்குள் போனாலும் கிண்டியில் படித்த ஒருவர் இருப்பார். அவர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் கல்லூரியின் ஆதி ஆசிரியர் வரைந்த கட்டடம்தான் ராஜாஜி மண்டபம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்?

மண்டபத்தின் முக்கோண முகப்புகளில் இரண்டு வெற்றிச் சின்னங்கள் இருக்கின்றன. ஒன்று அப்பன் கிளைவின் பிளாசி. மற்றது 1799-ல் திப்புவைக் கொன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தது. இந்த இரண்டாவது சின்னம் எங்கள் மண்ணோடு ஒட்டியது. அதை நான் விட்டுவிட்டுப் போக முடியாது.

ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே, காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர் இருக்கிறது. 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி அங்கே கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் அழித்தார்கள். கம்பெனிக்கு இந்தியாவில் அதுவரை அப்படி ஒரு தோல்வி வந்ததில்லை. காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். பெய்லி சிறையிலேயே இறந்தார். அன்று பிடிபட்டவர்களில் டேவிட் பெய்ர்ட் என்ற இளம் அதிகாரி ஒருவர். 1784-ல் விடுதலையான அவர்தான், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை உடைந்தபோது முன்னால் நின்று ஏறியவர். புள்ளலூரில் தொடங்கிய கணக்கு அங்கே தீர்ந்தது. அந்தக் கணக்கின் கடைசி வரியாகத்தான் சென்னையில் விருந்து மண்டபம் எழுந்தது.

திப்பு பக்கமும் ஒரு மாளிகை உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-ல் கட்டிய தரியா தௌலத் பாக். அதுவும் தோட்டத்துக்கு நடுவில், நாலு பக்கமும் ஒழுங்கு பிசகாத வீடு. அதன் சுவர் ஒன்றில் புள்ளலூர்ப் போர் ஓவியமாக இருக்கிறது: பல்லக்கில் பெய்லி, வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி, யானைமேல் ஹைதர். கடைசியில் தோற்றவர் வீட்டுச் சுவரில் எங்கள் வட்டாரம் போர்க்களமாகவாவது இருக்கிறது. வென்றவர் வீட்டுப் படத்தில் அது கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் அங்கேயும் இருக்கிறது.

எப்படி என்றால், பணமாக. 1763-ல் ஆற்காட்டு நவாபு முகமது அலி, தன் கடனுக்கும் நன்றிக்கும் சேர்த்து செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். இன்று ஆலைகள் நிற்கும் எங்கள் ஊர்களெல்லாம் அந்தச் சீமையைச் சேர்ந்தவை. வாங்கிய சொத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறக்குறைய 2,000 கிராமங்களை அளந்தார். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எத்தனை குளம், தோப்பு, கோயில், யார் யார் என்ன தொழில் என்று ஊர் ஊராகக் கணக்கு. ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைகளில் ஒரு பகுதி இன்றும் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வரலாற்று ஆய்வாளர் தரம்பால் இந்தக் கணக்கை வைத்துத்தான், ஊர் விளைச்சலில் கோயிலுக்கும் ஏரிக்கும் வைத்தியருக்கும் வாத்தியாருக்கும் எப்படிப் பங்கு ஒதுக்கியிருந்தார்கள் என்று விரிவாக எழுதினார். சென்னைக் கவர்னரின் கஜானா வாசல் வரைக்கும் வந்த நிலவரி இந்தச் சீமையுடையது. 1780-ல் ஹைதரின் குதிரைகள் மிதித்து, ஊர்கள் காலியாகி, பஞ்சத்தில் மக்கள் செத்த பிறகும் வரி கேட்டார்கள். அந்த வீட்டின் புல்வெளியைப் பார்க்கும்போது செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்து நெல்லும் எனக்குச் சேர்ந்தே தெரிகிறது.

புல்வெளி என்றதும் இன்னொன்று. சென்னைச் சித்திரையில் புல்லைப் பச்சையாக வைத்திருப்பது சாதாரண வேலை இல்லை. குழாய் இல்லாத காலம். கிணற்றில் ஏற்றம் போட்டு இறைத்து, வாய்க்காலில் விட்டு, மிச்சத்தைக் குடத்தில் சுமந்து ஊற்றியிருக்கிறார்கள். தொட்டிச் செடிகளை வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றி மாற்றி வைக்கவே தனி ஆட்கள் வேண்டும். 1835-ல் கதீட்ரல் சாலையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கிய பிறகு இந்தத் தோட்டக் கலை நகரம் முழுக்கப் பரவியது. அந்தச் சங்கத்து நிலத்தில்தான் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது, 2010-லிருந்து செம்மொழிப் பூங்கா இருக்கிறது. படத்தில் தோட்டக்காரர் ஒருவரும் இல்லை. ஈரமான கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். அசையாமல் நின்றவர்கள் மட்டுமே பதிவார்கள். வேலை செய்கிறவர் எப்படி அசையாமல் நிற்பார்?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் தினமும் போகிற எனக்கு இந்தத் தோட்டம் புதிதே இல்லை. ஒரகடத்தில் பெரிய ஆலை எதையும் வெளியிலிருந்து பாருங்கள். பெரிய கேட், வளைந்து போகும் பாதை, நடுவில் கொரியப் புல், இரு பக்கமும் ஒரே உயரத்தில் ராயல் பனை, சதுரமாகக் கத்தரித்த வேலி, பாதை முடிகிற இடத்தில் தூண் வைத்த முகப்பு. யாரும் திட்டமிட்டுப் பின்பற்றியது அல்ல. ஆனால் உள்ளே வருகிறவர் கேட்டிலேயே இடத்தின் பெரிய அளவை உணர வேண்டும் என்றால், கட்டுகிறவர்கள் இருநூறு வருஷமாக இதே வழிக்குத்தான் வருகிறார்கள். காலை ஷிப்டுக்கு முன்பே அந்தப் புல்லில் குனிந்திருப்பவர்கள் வல்லம், மாத்தூர்ப் பெண்கள். அவர்களில் பலருடைய வீட்டு நிலம்தான் சிப்காட்டுக்குப் போனது. நிலத்தின் விலை வேறு, அதில் நின்று செய்த விவசாயத்தின் அறிவு வேறு. இரண்டாவதற்கு யாரும் இழப்பீடு எழுதவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

கவர்னர் பங்களா போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1947-ஐ ஒட்டிக் கவர்னர் கிண்டிக்கே, பின்னாளில் ராஜ்பவன் என்று அழைக்கப்பட்ட மாளிகைக்கு, நிரந்தரமாகப் போய்விட்டார். பழைய வீடு அரசாங்க அலுவல்களுக்குப் பயன்பட்டு, கவனிப்பில்லாமல் கிடந்தது. இடித்த இடத்தில் எழுந்த புதிய வளாகம் 2010 மார்ச் 13-ல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறி, சட்டமன்றம் கோட்டைக்குத் திரும்பியது. 2014-லிருந்து அது பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை. அங்கே எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் காசில்லாமல் நல்ல சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் 250 ஆண்டு வயதான சுண்ணாம்பு வேலையை, எந்தப் பூச்சு எத்தனை பருமன் என்றுகூட ஒரு மாணவர் உட்கார்ந்து அளந்து எழுதும்படி பொறுமை காட்டாமல் உடைத்தது பெரிய தவறு. இந்த மண்டபமாவது மிஞ்சியதே என்று ஆறுதல்பட என் மனம் ஒப்பவில்லை.

எங்கள் பக்கம் விஷயங்கள் இதைவிட வேகமாகப் போகின்றன. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014-ல் மூடியது. எட்டு வருஷம். அந்தச் சீருடையில் எடுத்த போட்டோவைப் பத்திரமாக வைத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அதுவே இப்போது பழைய படம். ஆலைக்கே இந்தக் கதி என்றால், சாலை அகலப்படுத்தும்போது இடிபடும் காரை வீடுகளுக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் பெரியப்பாவும் நானும் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத் வழியில் நிற்கும் சுண்ணாம்பு வீடு, சத்திரம், கிணறு எதுவானாலும் படமெடுத்து, அவர் சொல்வதைப் பதிவு செய்கிறோம். உங்கள் ஊரில் ஒன்று இருந்தால் நீங்களும் எடுத்து வையுங்கள். வீட்டை மட்டும் நடுவில் வைத்து எடுக்காதீர்கள். கிணறு, மாட்டுக்கொட்டகை, தெரு எல்லாம் சேர்ந்து வரட்டும். காரை பெயர்ந்த இடத்தில் கிட்டே போய், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள்: பூச்சு எத்தனை அடுக்கு என்று அதில்தான் தெரியும். உள்ளே போய் அண்ணாந்து மொட்டைமாடியின் அடிப்பக்கத்தையும் எடுங்கள். ஊர் பெயர், மாதம், வருஷம் எழுதுங்கள். கட்டின கொத்தனார் பெயர் யாருக்காவது ஞாபகம் இருந்தால், வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் அதை எழுதுங்கள்.